விகித சமம்: எடைத்தட்டும் கரும்பலகையும்

நடுநிலைப் பள்ளி மாணவர் கடந்தாக வேண்டிய கடினமான வாயில்களுள் ஒன்று விகித சமம் ஆகும். சதவீதம், வட்டி, நிலப்பட அளவு, வேகம், அடர்த்தி ஆகிய யாவும் இதன்மீதே நிற்கின்றன. இங்கு இடறிய மாணவருக்குக் கணிதம் மட்டுமின்றி அறிவியலும் எட்டாமற் போய்விடுகிறது.

மும்பையின் கிழக்குப் பகுதியான தேவ்நாரில் 1927 முதல் மாநகரின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. அதனைச் சுற்றி வாழ்வோரில் பலர் பழைய பொருள்களைப் பிரித்து, எடை போட்டு விற்றுப் பிழைப்பவர்கள். 3 கிலோ பிளாஸ்டிக்கிற்கு 45 ரூபாய் கிடைத்தால் 5 கிலோவிற்கு எவ்வளவு? எடை இரண்டு கூடியதால் விலையும் இரண்டு கூடி 47 ரூபாய் ஆகும் என்று வியாபாரி கூறினால், அத்தொழிலை அறிந்த சிறுவன் ஏற்கமாட்டான். கிலோ 15 ரூபாய் என்று கண்டு 75 ரூபாய் கேட்பான்.

எனினும் வகுப்பறையில் நிலைமை மாறக்கூடும். 2 டப்பா வெள்ளை வண்ணத்துடன் 3 டப்பா நீலம் கலந்தால் கிடைக்கும் அதே நிறத்திற்கு, 4 டப்பா வெள்ளையுடன் எத்தனை டப்பா நீலம் வேண்டும்? 5 என்று விடையளிக்கும் மாணவர் பல நாடுகளிலும் உள்ளனர். பெருக்கல் உறவைக் கூட்டல் உறவாகக் கொள்வதே இப்பிழை. சரியான விடை 6 ஆகும்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்த சிறுவர் ஐவரைப் பற்றிய ஆய்வு 1985இல் வெளிவந்தது. விற்குமிடத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாயின. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது ஏறத்தாழ 37 மட்டுமே சரியாயின. ஒரு சிறுவன் 35 குருசேரோ விலையுள்ள 10 தேங்காய்களுக்கு, மூன்று மூன்றாகக் கூட்டி 315 என்று கண்டு, எஞ்சிய ஒன்றைச் சேர்த்து 350 என்றான்.

தேவ்நாரை அடுத்த மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் உள்ளது. 1974இல் தொடங்கப்பெற்ற இம்மையத்தின் ஆய்வாளர்கள், வீட்டுத் தொழில்கள் மிகுந்த மும்பைக் குடியிருப்பு ஒன்றின் நடுநிலை வகுப்பு மாணவரிடையே இத்தகைய அறிவை ஆராய்ந்தனர். எல்லாத் தொழில்களும் ஒரே அளவில் கணக்கறிவைத் தருவதில்லை. பொருள் வாங்குவது முதல் விற்பது வரை காணும் சிறுவனுக்குக் கிட்டும் வாய்ப்பு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவனுக்குக் கிட்டுவதில்லை. ஆகவே அனுபவத்தை மட்டும் நம்பிப் பள்ளி இருந்துவிட முடியாது.

தெரிந்த மூன்று அளவுகளிலிருந்து நான்காவதைக் காணும் திரைராசிக விதியை ஆரியபட்டர் 499இலேயே தந்துள்ளார். விதி பழமையானது, ஆயினும் குறுக்குப் பெருக்கலை மனப்பாடம் செய்வது மட்டும் புரிதல் ஆகாது. முதலில் அளவுகளை அட்டவணையாக எழுதி, ஓர் அலகிற்கு எவ்வளவு என மாணவரே காணவேண்டும். பின்னரே விதி வரவேண்டும். விதி பொருந்தாத இடத்தையும் காட்டுதல் இன்றியமையாதது. ஒரு வேட்டி உலர 2 மணி நேரம் ஆனால், ஒரே வெயிலில் விரித்த ஐந்து வேட்டிகள் உலர 10 மணி நேரம் ஆகாது.

இவ்வறிவு நிருவாகத்திற்கும் தேவை. 1,000 மாணவருள் 100 பேர் இடைநின்ற ஊரையும், 400 மாணவருள் 60 பேர் இடைநின்ற ஊரையும் ஒப்பிடுவோம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதல் ஊருக்கே உதவியை அனுப்புவார்; விகிதத்தை அறிந்தவர், இடைநிற்றல் 15 சதவீதமாக உள்ள இரண்டாம் ஊரின் இடரையும் காண்பார். எடைத்தட்டில் கற்றதைக் கரும்பலகையோடு இணைக்கும் ஆசிரியர், அத்தகைய பார்வைக்கே அடித்தளம் இடுகிறார்.