பிரேக்கிலிருந்து காலை எடு!

கூச்சத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வாங்க, பின்கட்டைக் காட்டுகிறேன்! விறைப்பு என்றால் எதுவோ முறுக்கேறி நடக்கிற வேலை என்றுதானே நம்பிக்கொண்டிருக்கிறோம்? உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். அங்கே நடப்பது தளர்வு!

நாள் முழுக்க சிம்பதெட்டிக் நரம்புகள் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நார்அட்ரினலினை விட்டு, ஆணுறுப்பின் ரத்தக்குழாய்களையும் பஞ்சுத் திசுவின் தசைகளையும் இறுக்கிவைப்பது அவைதான். கிளர்ச்சி வந்தால், தண்டுவடத்தின் அடிக்கோடியில், எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள பகுதியிலிருந்து பாராசிம்பதெட்டிக் கோஷ்டி கிளம்பி வரும். நரம்பு நுனியில் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படும். வெறும் வாயு, சாமி! அது பட்டதும் தசை தளரும், ரத்தம் பாய்ந்து வரும், உப்பிய திசு வெளியே போகிற சிரைகளை உறையோடு சேர்த்து நசுக்கி அடைத்துவிடும். வந்த ரத்தம் திரும்பிப் போக வழியில்லை. அவ்வளவுதான் வித்தை!

எனக்கு ரொம்பப் பிடித்தது கிளைமாக்ஸில் வரும் திருப்பம். அதுவரை தடுத்துக்கொண்டிருந்த அதே சிம்பதெட்டிக், விந்தை நகர்த்தும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. பியூடெண்டல் நரம்பு இடுப்படித் தசைகளைத் துடிக்கவைத்து வெளியே தள்ளுகிறது. முடிந்த கையோடு மறுபடி பிரேக்!

பயந்தாலும் பிரேக்தான். முதலிரவில் பதறுகிற மாப்பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், மாநாட்டு மேடையில் நிற்கிறவருக்கு?

1983, லாஸ் வேகாஸ். அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் கூட்டம். விருந்துக்குப் போகிற அலங்காரத்தில் மருத்துவர்கள், பக்கத்தில் மனைவிமார். மேடையேறிய பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜைல்ஸ் பிரிண்ட்லி மட்டும் தொளதொள டிராக் சூட்டில்! உறுப்பிலேயே மருந்தை ஊசி போட்டால் நரம்பின் உத்தரவு வேண்டாம், தசை தளர்ந்துவிடும் என்பது அவர் வாதம். தன் படங்களையே ஸ்லைடு போட்டுக் காட்டினார். சொற்பொழிவாற்றுவதில் யாருக்கும் கிளர்ச்சி வராது, ஒத்துக்கொள்வீர்கள்தானே என்றார். ஓட்டல் அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லிவிட்டு, கால்சட்டையை இறக்கினார் பாருங்கள்! போதாக்குறைக்கு, நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று அப்படியே கீழே இறங்கி நடந்தார். முன்வரிசைப் பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு அலற, மனிதர் அவசரமாகக் கால்சட்டையை ஏற்றிக்கொண்டு உரையை முடித்துவிட்டார்.

வயாகரா பின்னால் வந்தது. ஆனால் அதற்கு நரம்பு கொஞ்சமாவது நைட்ரிக் ஆக்சைடு விட்டாக வேண்டும். புராஸ்டேட் அறுவையில் நரம்பு அறுபட்டவர்களுக்கு இன்றும் ஊசி கைகொடுக்கிறது.