கிணற்றுத் தண்ணியை மிச்சம் பிடிக்கும் ஆவரசு



கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நமது வளவுகளில் ரோசாவும் குரோட்டனும் வாடிப்போகின்றன. செடி சாகுதே என்று பின்னேரத்தில் வாளி வாளியாக ஊற்றுகிறோம். வீட்டுக்குப் பத்து வாளி என்றால் பத்து வீட்டுக்கு நூறு வாளி. குடிதண்ணியும் அதே கிணற்றில்தான்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள நமது மணல் தரையில், மாரி மழையின் நல்ல தண்ணி கீழே உள்ள உப்புத் தண்ணிக்கு மேலேதான் மிதந்து நிற்கிறது. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். 2004 மார்கழி 26 சுனாமியில் உப்பான கரையோரக் கிணறுகளை இறைத்து மட்டும் சுத்தமாக்க ஏலவில்லை. அடுத்தடுத்து வந்த மாரி மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது.

அதனால் பூச்செடி வேண்டும் என்பவர்கள் ஆவரசு நடுங்கள். ஆவாரை என்பதும் இதுதான்; சிங்களத்தில் ரணவரா. மன்னார், அம்பாந்தோட்டை போன்ற வறண்ட பகுதிகளில் தானாகவே வளரும் நமது நாட்டுச் செடி. ஆழமாக இறங்கும் ஆணிவேரும் சின்னச் சின்ன இலையும் இருப்பதால் வெயிலைத் தாங்கும். கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூ பூக்கும். வேலியோரம் நட்டால் அடைப்பாகவும் இருக்கும்.

நடும் முறை இதுதான். நன்றாகக் காய்ந்த காயில் விதை எடுங்கள். விதையின் தோல் கடினம். சும்மா போட்டால் சுணங்கித்தான் முளைக்கும். கொதித்து இறக்கிய தண்ணியை ஊற்றி ஒரு இரவு ஊறவிடுங்கள். ஊதின விதையைப் புரட்டாதி, ஐப்பசியில் மழை தொடங்கும்போது, மூன்றடிக்கு ஒரு குழியாக, குழிக்கு மூன்று விதை போடுங்கள். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்துபோகும். ஆனபடியால் நிற்கவேண்டிய இடத்திலேயே போடுவது நல்லது. மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ளம் கூடாது; மேட்டில் போடுங்கள்.

முதல் கோடைக்கு மட்டும் கிழமைக்கு இரண்டு தரம் அரை வாளி ஊற்றுங்கள். அடியில் தேங்காய்ப் பொச்சைப் பரப்பினால் ஈரம் நிற்கும். வேர் இறங்கிய பிறகு ஊற்றத் தேவையில்லை. பூ ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிட்டால் செடி அடர்ந்து வரும். இலையில் பச்சைப் புழு கண்டால் மருந்து அடிக்கவேண்டாம். பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துவிடும்.

பூவை நிழலில் உலர்த்தி, தேத்தண்ணிபோல அவித்துக் குடிக்கலாம். ஆனால் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இதை நம்பிக் குளிசையை நிறுத்தக்கூடாது. குளிசையோடு சேர்த்துக் குடிப்பதென்றாலும், கர்ப்பிணித் தாய்மாரும், முதலில் டாக்டரிடம் கேளுங்கள். முன்பு தோல் பதனிட இதன் பட்டையை உரித்தார்கள். பட்டையைச் சுற்றிவர உரித்தால் செடி பட்டுப்போகும், பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஒரு வீட்டில் நாலு செடி நின்றால், அடுத்த வருடம் பக்கத்து வீடுகளுக்கும் விதை கொடுக்கலாம். கோடையில் கிணற்றில் மிஞ்சும் தண்ணி குடிக்கவும் சமைக்கவும் உதவும்.