பன்னிரண்டு விநாடியில் எழும் மலை

ஆயிரம் லிட்டர் நீரை 367 மீட்டர் உயரத்திலிருந்து இறக்கி, அதன் ஆற்றலைத் துளியும் வீணாக்காமல் மின்சாரமாக மாற்றினால் கிடைப்பது ஒரே ஒரு யூனிட். மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் ஆயிரம் லிட்டரை வைத்து 10 வாட் எல்இடி விளக்கை மூன்று மணி நேரம்கூட எரிக்க முடியாது. நீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின் நிலையங்கள் மலையையும் ஏரியையும் தேடிப் போவது இந்தக் கணக்கால்தான்.

வேல்ஸில் டினோர்விக் அப்படி வாய்த்த இடம். எலிடிர் மலைச் சரிவில் தலைமுறை தலைமுறையாகச் சிலேட்டுக் கல் வெட்டியெடுத்தார்கள். 1969இல் குவாரி மூடப்பட்டது. மேலே மார்க்லின் ஏரி, கீழே பெரிஸ் ஏரி, இடையே ஏறத்தாழ 500 மீட்டர் உயர வித்தியாசம். 1984இல் அங்கே 1,728 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. ஆறு இயந்திரங்களும் மலையின் வயிற்றுக்குள் இருக்கின்றன. 16 கிலோமீட்டர் சுரங்கப்பாதை குடைந்திருக்கிறார்கள். மலையழகு கெடக் கூடாதென்று மின்கம்பிகளையும் 10 கிலோமீட்டர் தூரத்துக்கு மண்ணுக்கடியிலேயே கொண்டுபோனார்கள். வெட்டிப் புண்ணாக்கிய மலைக்கு அந்த மரியாதையாவது கிடைத்ததே என்று மனம் நிறைகிறது.

நள்ளிரவில் ஊர் உறங்கும்போது மின்தேவை சரியும். அணு உலையை நினைத்த நேரத்தில் அணைத்துப் போட முடியாது. காற்றும் நேரம் பார்த்து வீசுவதில்லை. மிஞ்சும் மின்சாரத்தில் டினோர்விக்கின் இயந்திரங்கள் பம்புகளாக ஓடி நீரை மேலேற்றும். பகலில் அதே சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று டர்பைனாகிவிடும், மோட்டாரே ஜெனரேட்டராகும்.

ஆனால் டினோர்விக்கின் பெருமை கொள்ளளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. மின்சாரம் எந்த நொடியில் செலவாகிறதோ அதே நொடியில் அதே அளவு உற்பத்தியாக வேண்டும். உற்பத்தி பின்தங்கினால் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் இறங்கும். அளவு மீறி இறங்கினால் ஊர் ஊராக இருட்டாகும். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடே எழுந்துபோய் மின்கெட்டிலில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தது. தேவை சுமார் 2,800 மெகாவாட் எகிறியது.

நிலக்கரிக் கொதிகலன் இத்தகைய நொடிகளுக்கு ஈடுகொடுக்காது. டினோர்விக்கில் இதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. அழுத்தக் காற்றால் சக்கரத்தைச் சுற்றியுள்ள நீரை வெளியே தள்ளிவிட்டு, வெறும் காற்றில் அதை முழு வேகத்தில் சுழலவிடுகிறார்கள். மின்கட்டமைப்போடு இணைந்தபடியே, கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுகொண்டு அது காத்திருக்கும். அழைப்பு வந்ததும் வால்வுகள் திறக்கும், நீர் பாயும். 12 விநாடியில் 1,320 மெகாவாட் வந்துவிடும். நீரின் கனத்தை நம்பி மனிதர் கட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நீரை ஏற்ற நான்கு யூனிட் செலவழித்தால் திரும்பக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று. நட்டம்போலத் தெரியும். ஆனால் யாருக்கும் வேண்டாத நேரத்து மின்சாரம், எல்லோரும் கேட்கும் நேரத்துக்கு வந்து சேர்கிறதே! எல்லையும் உண்டு. முழுத் திறனில் ஓட்டினால் மேல் ஏரி சுமார் ஐந்து மணி நேரத்தில் வற்றிவிடும். இரவின் மிச்சத்தைப் பகலுக்குக் கொடுக்கலாம். ஆடிக்காற்றை மார்கழிக்கு எடுத்துவைக்க முடியாது.

விநாடிக்கும் குறைவான நேரத்தில் பதில் சொல்வதில் லித்தியம் பேட்டரிகள் நீரை மிஞ்சிவிட்டன. ஆனால் பேட்டரி வருடத்துக்கு வருடம் தேயும்; தூர் வாரிக் காத்தால் ஏரி பல தலைமுறைக்கு நிற்கும். இரண்டும் வேண்டும் என்பேன்.

தமிழகத்தில் ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980களின் இறுதியிலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. தென்மேற்குப் பருவத்தில் காற்றாலைகள் கொட்டும் மின்சாரத்துக்கு 400 மெகாவாட் போதாது. அதனால்தான் நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டார்கள். அந்தத் திட்டத்தின் மேல்நீர்த்தேக்கம் போர்த்திமந்து, கீழ்நீர்த்தேக்கம் அவலாஞ்சி–எமரால்டு. இரண்டும் ஏற்கெனவே இருப்பவை. அணை கட்டிப் புதிதாகச் சோலைக்காட்டை மூழ்கடிக்க வேண்டியதில்லை.