ஸ்னூக்கரும் பந்தயமும்: மூக்கண்டப்பள்ளி குறிப்பு

மூக்கண்டப்பள்ளியில் சிப்காட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க ஆடும் ஒரு ஸ்னூக்கர் கிளப்புக்கு நானும் போவேன். தோற்றவர் டேபிள் வாடகை கட்டணும், பந்தயம் தனி. நல்லா ஆடறவர் எதிராளிக்கு முதலிலேயே 20 பாயிண்ட், 30 பாயிண்ட் கொடுப்பார். எத்தனை என்ற பேரத்தில்தான் பாதி ஆட்டம். அதனால முழுத் திறமையை யாரும் முதல் நாளே காட்ட மாட்டாங்க.

பந்தயம் ஆட்டத்தைக் கெடுத்துடுச்சுன்னு சொல்வாங்க. வரலாறு வேறு. ஆளுக்குக் கொஞ்சம் காசு பொதுவில் போட்டு ஆடிய பில்லியர்ட்ஸ் ஆட்டங்களில் இருந்துதான் ஸ்னூக்கரே வந்தது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி வண்ணப் பந்துகளைக் கூட்டினார். 1882இல் விதிகளை எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில்.

அதிகாரிகளுக்கு அது பொழுதுபோக்கு. இங்கே சம்பளத் தேதி ராத்திரி தோற்ற கான்ட்ராக்ட் தொழிலாளிக்குப் போனது அந்த மாச வாடகை.