உள்ளங்கை கறுத்தால் கரிசலாங்கண்ணி!

எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் காலை, பை நிறையப் பச்சிலையோடு வந்து நின்றார். "மைதானத்திலே கரிசலாங்கண்ணி மண்டிக் கிடக்கிறது! பாதியைப் பருப்போடு கடையப் போகிறேன், மீதியில் பெண்ணுக்குத் தைலம் காய்ச்சுவேன்" என்றார்.

ஒரு கொத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளக் காம்பு, அதன் நுனியில் நடுவே மஞ்சளும் சுற்றிலும் ஐந்தாறு வெளுத்த இதழ்களுமாய் ஒரு பூ. குழந்தைகள் தலையைச் சுண்டி விளையாடுமே, அந்தத் தாத்தாப் பூ! வெட்டுக்காயப் பூண்டு என்பதும் இதைத்தான். மாமிக்கு முகம் வாடிவிட்டது. அடுப்பேறுவதற்கு முன்பே தெரிந்ததே, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று!

உங்களுக்கும் இந்தச் சங்கடம் நேரலாம். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். சூரியகாந்தியும் சாமந்தியும்கூட இவற்றின் உறவினர்தாம். ஆனால், உறவினர் என்பதற்காக ஒருவர் வேலையை இன்னொருவர் செய்துவிட முடியுமா?

எப்படி அடையாளம் காண்பது?

கரிசலாங்கண்ணி ஈரத்தில் வளர்வது. வயல் வரப்பு, வாய்க்கால் கரை, குளத்தோரம் ஆகியவைதாம் அதன் பிறந்தகம். தண்டு சற்றுச் செந்நிறம் ஓடியிருக்கும். இலைகள் எதிரெதிராக, காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி, குறுகி நீண்டிருக்கும், தடவினால் சொரசொரக்கும். பூ, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, முழுவதும் வெண்மை. தாத்தாப் பூவின் இலைக்கோ காம்பு உண்டு, ஓரங்களில் பெரிய பற்களும் உண்டு. அதன் விதைக்குப் பஞ்சு முளைத்துக் காற்றில் பறக்கும். கரிசலாங்கண்ணி விதை பறக்காது.

இவ்வளவும் நினைவில் நிற்கவில்லையா? கவலை வேண்டாம். இரண்டு இலைகளை உள்ளங்கையில் கசக்கிவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள். பச்சைச் சாறு காற்றுப் பட்டு மை போலக் கறுத்தால் அது கரிசலாங்கண்ணி. முன்பெல்லாம் இந்தச் சாற்றில் தோய்த்து உலர்த்திய துணியைத் திரியாக எரித்துத்தானே கண்மைக்குக் கரி பிடித்தார்கள்!

மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு செடி. அதை வாங்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. பூங்காக்களில் பாய் விரித்தாற்போல் படர்ந்து மஞ்சளாய்ப் பூக்கும் சிங்கப்பூர் டெய்சியை அதுவென்று நினைத்துப் பறிப்பவர்கள் உண்டு. அது அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம் பெற்றது! அதன் இலை தடித்து, பளபளத்து, பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஈட்டி போல நீண்டு, பிரியாமல் இருக்கும்.

தொட்டியில் வளர்க்கலாம்

சாக்கடை ஓரத்தில் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பறிக்காதீர்கள். அங்குள்ள அழுக்கையும் நச்சு உலோகங்களையும் செடி உறிஞ்சிக்கொள்ளும். பால்கனியில் ஓரடி அகலத் தொட்டி போதுமே! இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய சாணி எரு, கொஞ்சம் மணல் கலந்து நிரப்புங்கள்.

விதை போடுவதானால் ஒரு ரகசியம்: மண்ணைப் போட்டு மூடாதீர்கள்! வெளிச்சம் பட்டால்தான் இந்த விதை முளைக்கும். மேலாகத் தூவி, கையால் நீர் தெளித்து வாருங்கள். அதைவிட எளிது, நாலங்குலத் தண்டைக் கணு மண்ணுக்குள் போகும்படி நட்டுவிடுவது. கணுவிலிருந்து வேர் விடும். மண் காயக்கூடாது, தொட்டிக்கடியில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் செடிக்குப் பரம சந்தோஷம். காலை வெயில் படட்டும். நன்றாகத் தழைத்ததும், வேரோடு பிடுங்காமல், அடியில் இரண்டங்குலம் விட்டுக் கத்தரியுங்கள், மறுபடி துளிர்க்கும். ஓரிரு தண்டுகளைப் பூக்க விட்டால் விதை தானே உதிர்ந்து அடுத்த தலைமுறை தயார்.

பருப்போடு கடையலாம், தேங்காயெண்ணெயில் சாற்றை விட்டு, ஈரம் வற்றிச் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சித் தைலமாக்கலாம். ஆனால் வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளித்தால், கீரையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள்.

பக்கத்து வீட்டு மாமியின் பால்கனியில் இப்போது மூன்று தொட்டிகள். கீரைக்காரி வந்தால், "கையை நீட்டு, கசக்கிப் பார்க்கலாம்" என்கிறாராம்!