மாடிப்படிக்கு அடியில் ஒரு தொழுமிடம்

தேன்கனிக்கோட்டையில் ஒரு வீட்டுக்கு துஆ ஓதச் சென்றிருந்தோம். 20க்கு 30 சைட்டில் கட்டிய வீடு. குடும்பத் தலைவர் ஓசூரில் தொழிற்சாலை வேலை பார்க்கிறார். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, இருக்கும் ஒரே படுக்கையறையில் பகலில் தூங்குகிறார். ஹாலில் விருந்தினர் வந்தபடி இருப்பார்கள். பிளஸ் டூ படிக்கும் மகள் சமையலறை வாசலில் உட்கார்ந்து படிக்கிறாள். தாயார் எங்களிடம், "ஹஜ்ரத், பெண்கள் நிம்மதியாகத் தொழ ஒரு மூலைகூட இல்லை" என்று வருத்தப்பட்டார்.

ஹாலை ஒட்டி மாடிப்படி ஏறிச் சென்றது. அதன் அடியில் உடைந்த தொட்டில், காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்கள், ஓடாத மிக்ஸி, பழைய செய்தித்தாள் கட்டுகள் இருந்தன. அந்த வீட்டில் இடம் இருந்தது, ஆனால் அது வேண்டாத சாமான்களின் வசம் இருந்தது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. மாடிப்படியின் அடி, கதவின் பின்புறம், பீரோவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து, பரண், வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கம் என்று எல்லா வீட்டிலும் இப்படிச் சில இடங்கள் உண்டு. "இது இன்னதற்கு" என்று முடிவு செய்யாத இடத்தைக் குப்பை தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் தேவைப்படுவது பணமோ தச்சரோ அல்ல, ஒரு நிய்யத்.

இத்பான் (ரலி) காட்டிய மூலை

இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்கள் பார்வை குறைந்த நபித்தோழர். தம் கூட்டத்தாருக்கு இமாமத் செய்துவந்தவர். மழைக்காலத்தில் பள்ளத்தில் வெள்ளம் ஓடினால் பள்ளிக்குச் செல்ல முடியாது. எனவே, "எங்கள் வீட்டில் வந்து தொழுங்கள், அந்த இடத்தைத் தொழுமிடமாக ஆக்கிக்கொள்கிறேன்" என்று நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் வந்தார்கள். வந்ததும், எங்கே தொழ வேண்டும் என்று வீட்டுக்காரரிடமே கேட்டார்கள். அவர் வீட்டின் ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கே இரண்டு ரக்அத் தொழுதார்கள். ஸஹீஹ் புகாரியில் வரும் செய்தி இது.

இத்பான் (ரலி) புதிதாக ஓர் அறை கட்டவில்லை. இருந்த வீட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கினார், அவ்வளவுதான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையோ இன்னும் சிறியது. நபியவர்கள் இரவில் ஸஜ்தா செய்யும்போது அன்னையவர்கள் தம் கால்களை மடக்கி இடம் கொடுப்பார்கள். ஆக, இடம் சிறியது என்பது ஒரு காரணமாகாது.

அளந்து பார்ப்போம்

ஒருவர் தொழ நாலடி நீளமும் இரண்டேகால் அடி அகலமும் உள்ள முசல்லா போதும். ஆனால் திசையையும் கவனிக்க வேண்டும். தேன்கனிக்கோட்டையிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. மேற்குப் பார்த்து விரித்த முசல்லாவின் முன்முனையை ஒன்றேகால் அடி வலப்புறம் நகர்த்தினால் திசை சரியாக வரும். அப்படிச் சாய்த்து விரிக்க மூன்றரை அடி அகலமும் நாலரை அடி நீளமும் உள்ள தரை தேவை. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் சிறிய விலகலால் தொழுகை முறிவதில்லை. இருந்தாலும் நிலையான இடம் அமைக்கும்போது சரியாகவே அமைத்துவிடலாமே.

அடுத்தது உயரம். ஒரு படி 7 அங்குலம் என்றால் 12ஆம் படியின் மட்டம் 7 அடி. கான்கிரீட் தடிமன் போக ஆறடிக்குச் சற்று மேல் கிடைக்கும். அங்கே நின்று தொழலாம். படியின் தாழ்ந்த பக்கம் மேற்கே இருந்தால் இன்னும் வசதி. நிற்கும் இடத்துக்குத்தான் உயரம் வேண்டும், தலை வைக்கும் இடம் தாழ்ந்திருந்தாலும் குறையில்லை. பாதியில் திரும்பும் படிக்கட்டானால் அதன் அடியில் ஐந்தடிகூட இருக்காது. நிமிர்ந்து நிற்க முடியாத அந்த இடத்தைப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவும் குர்ஆன் ஓதவும் ஒதுக்கலாம். ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஓர் எல்.இ.டி. பல்பு இருந்தால் போதும்.

படிக்கட்டு இல்லாத வாடகை வீட்டில் என்ன செய்வது? சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பீரோவை ஓரடி நகர்த்தினால் அதன் பக்கத்தில் ஒருவர் தொழும் இடம் பிறக்கிறதா என்று பாருங்கள். அகலமான ஜன்னல் திண்டு புத்தகம் வைக்க உதவும். பழைய டிரங்குப் பெட்டியைச் சுவரோரம் போட்டால் அதுவே படிக்கும் மேசை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

படிக்கு அடியிலுள்ள அடைப்பில் கேஸ் சிலிண்டரை வைப்பது பல வீடுகளில் பழக்கம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோரம், மூடிய இடத்தில் தேங்கி நிற்கும். சிலிண்டரைக் காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அதையும் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். இவை இருக்கும் பொந்தில் பிள்ளைகளை உட்கார வைக்கவே கூடாது.

நம் ஊர் குளிர்ந்த மேட்டு நிலம். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் கோக்கும். குர்ஆன் பிரதிகளையும் பாடப்புத்தகங்களையும் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், பூஞ்சை பிடிக்காது.

பல குடும்பங்கள் வசிக்கும் கட்டடத்தில் படிக்கட்டின் அடி பொது இடம். அதை நாம் மட்டும் ஆக்கிரமிப்பது பிறர் உரிமையைப் பறிப்பதாகும். வீட்டுக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டுச் செய்வோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது தர்மம் என்று படித்தவர்கள், பாதையில் செருப்பு ஸ்டாண்டை வைத்து மறிக்கலாமா?

வீட்டுக்கு வெளியே உள்ள ஒடுக்கமும் வீணல்ல. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே செல்லும் குறுகிய சந்துகளை முடுக்கு என்பார்கள். பெண்கள் தெருவுக்கு வராமலே உறவினர் வீடுகளுக்குப் போய்வர அவை பயன்பட்டு வந்தன. நம் வீட்டுப் பக்கச் சந்து இரண்டடிதான் என்றாலும் அங்கே கொடி கட்டித் துணி காயப்போடலாம், புதினா, கொத்தமல்லித் தொட்டி வைக்கலாம். பழைய பலகையையும் செங்கல்லையும் குவித்தால் எலியும் பாம்பும்தான் குடியேறும்.

ஒரு வெள்ளிக்கிழமை தொடங்குங்கள்

ஒரே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருப்பதை முழுவதும் வெளியே எடுங்கள். ஓராண்டாகத் தொடாத பொருள் நல்ல நிலையில் இருந்தால் தேவைப்படுபவருக்குக் கொடுங்கள், உடைந்ததைப் பழைய இரும்புக்கடையில் போடுங்கள். பிறகு அந்த இடம் எதற்கு என்று குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளைகளின் வாயாலேயே அதற்கொரு பெயர் வரட்டும். பெயர் வைத்த இடத்தில் யாரும் குப்பை போடமாட்டார்கள்.

ஹனஃபி மத்ஹபில் பெண்கள் தம் வீட்டில் தொழுகைக்கென ஒதுக்கிய இடத்தில் இஃதிகாஃப் இருக்கலாம். அப்படி ஓர் இடம் ஒதுக்கப்படாத வீட்டில் ரமளானின் கடைசிப் பத்தில் அவர்கள் எங்கே இருப்பார்கள்?

நாம் போன அந்த வீட்டில் தொட்டிலும் டப்பாக்களும் ஒரே காலையில் வெளியேறின. இப்போது அந்த மகள் ஃபஜ்ரைத் தொழுதுவிட்டு அதே பாயில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள், அல்ஹம்துலில்லாஹ். நம் வீடுகளையும் அல்லாஹ் நினைவுகூரப்படும் வீடுகளாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.