சட்பரியின் புகை போன இடம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்பரி என்றொரு சுரங்க நகரம் இருக்கிறது. 1883இல் ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டியபோது அங்கே நிக்கலும் செம்பும் கலந்த தாது கிடைத்தது. அதில் கந்தகமும் ஏராளம். ஆரம்ப காலத்தில் விறகை அடுக்கி, அதன்மேல் தாதுவைக் குவித்துத் தீ வைத்தார்கள். குவியல்கள் திறந்தவெளியில் மாதக்கணக்கில் கனன்றன. விறகுக்காகக் காடு போனது. மிஞ்சிய மரங்களைப் புகை கொன்றது. பிடிமானம் இல்லாத மண்ணை மழை அரித்துக்கொண்டு போக, குன்றுகள் கரும்பாறைகளாக நின்றன. நவீன உருக்காலைகள் வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. 1960களில் அந்த வட்டாரம் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான கந்தக டை ஆக்சைடை வெளியேற்றிக்கொண்டிருந்தது.

அந்த வாயு எங்கும் மறைந்துவிடுவதில்லை. மேகத்து ஈரத்தில் கலந்து கந்தக அமிலமாகி இறங்குகிறது. வாகன எஞ்சின்களிலும் கொதிகலன்களிலும் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இதேபோல நைட்ரிக் அமிலமாகின்றன. சுத்தமான மழைநீருக்கும் லேசான அமிலத்தன்மை உண்டு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைவதால் அதன் பிஹெச் அளவு சுமார் 5.6. இந்த அளவு ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். அதனால் 4.6 என்று படிக்கும்போது சின்ன வித்தியாசம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. நனைந்தால் தோல் எரியாது, நாக்கில் பட்டாலும் தெரியாது. பல காலம் யாரும் கவனிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் காட்டிக்கொடுத்தவை மீன்கள். 1960களில் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் ஹார்வி, சட்பரிக்குத் தென்மேற்கே உள்ள லம்ஸ்டன் ஏரியில் சால்மன் குஞ்சுகளை விட்டார். அடுத்த ஆண்டு தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. அமிலம் நேரடியாகக் கொல்வதைவிட மண் வழியாகக் கொல்வதுதான் கொடுமை. மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியத்தை அது கரைத்து ஏரிக்குக் கொண்டுவருகிறது. அலுமினியம் செவுளில் படிய, மீன் மூச்சுத் திணறுகிறது. உடலின் உப்புச் சமநிலை கெடுகிறது. முட்டைகள் பொரிப்பதில்லை. சுண்ணாம்புப் பாறை உள்ள இடமாக இருந்தால் அமிலத்தை அதுவே முறித்துவிடும். இந்த ஏரிகளைச் சுற்றி இருப்பதோ கருங்கல்லும் அதைப் போன்ற கடினப் பாறைகளும். காட்டு மண்ணிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் கழுவப்பட்டு மரங்களும் நலிகின்றன.

1972இல் சட்பரியில் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்று எழுந்தது. ஊர்க்காற்று உண்மையிலேயே தெளிந்தது. ஆனால் கந்தகம் இன்னும் தொலைவுக்குப் போய் விழுந்தது. நம் தெருக் குப்பையைப் பக்கத்து ஊர் வாய்க்காலில் கொட்டுவது போன்ற தீர்வு இது. பிரிட்டனும் உயரமான புகைபோக்கிகளைத்தான் நம்பியது. அதன் கந்தகம் கடல் தாண்டி நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் இறங்கியது.

உண்மையான மருந்து, கந்தகத்தை வெளியே விடாமல் பிடிப்பது. 1985இல் ஒன்டாரியோ அரசு பெரிய ஆலைகளுக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்தது. உலைகளை மாற்றினார்கள், பிடித்த வாயுவைக் கந்தக அமிலமாக்கி விற்றார்கள். காலப்போக்கில் வெளியேற்றம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 1990இல் அமெரிக்காவும் சட்டத்தை இறுக்கியது. சட்பரி மக்கள் சும்மா காத்திருக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1978 முதல் மாணவர்களும் ஊராரும் சுண்ணாம்புத்தூள் மூட்டைகளைக் குன்றுகளுக்குச் சுமந்து சென்று கையால் தூவினார்கள். புல் விதைத்தார்கள், பிறகு பைன் நட்டார்கள். இன்றுவரை ஒரு கோடி மரங்களுக்கு மேல். பல ஏரிகளில் மீன் திரும்பியிருக்கிறது, எல்லாவற்றிலும் அல்ல. மண் இழந்த கால்சியம் மீளப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

இந்தியாவில் அனல் மின் நிலையங்கள்தான் கந்தக டை ஆக்சைடின் முக்கிய ஊற்று. நம் புழுதியில் இருக்கும் கால்சியம் மழையின் அமிலத்தைப் பெருமளவு முறித்துவிடுவதால் ஏரிகள் அந்த அளவுக்குச் சாகவில்லை. ஆனால் அதே வாயு காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறி நுரையீரலுக்குள் போகிறது. புகையில் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்தால் கந்தகம் சிக்கிக்கொள்ளும். கிடைக்கும் ஜிப்சம் சிமென்ட் ஆலைக்கு உதவும். இப்படிக் கட்டுப்படுத்த 2015இல் மத்திய அரசு வரம்பு விதித்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்கு கிடைத்தது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, கந்தகத்தைப் பிடிக்கும் கருவிக்குச் செலவு அதிகம் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். கந்தகம் குறைவுதான், எரிக்கும் நிலக்கரியோ மலையளவு. விலக்கு பெற்ற நிலையங்கள் புகைபோக்கி உயர விதியைக் கடைப்பிடித்தால் போதுமாம். தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்பவற்றுக்குத்தான் கண்டிப்பு. சல்பேட் துகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கக்கூடியது. விலக்கை அரசு திரும்பப் பெற வேண்டும். முதலில் பழைய, பெரிய நிலையங்களிலாவது கருவியைப் பொருத்த வேண்டும்.